கறுப்பு ஓர்க்கிட்டும் கிறீஸ் பூதமும்

அக்காவின் மகளுக்குப் பதினான்கு வயது. இரவில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு இரத்தக் காட்டேரித் தொடர்கள் பார்க்கிறாள். போன மாதம் ஒருநாள் கேட்டாள்: "சின்னம்மா, கறுப்பு ஓர்க்கிட் பூ வீட்டில இருந்தா வாம்பயர் கிட்ட வராதாம். ஓநாய் மனிசனுக்கும் அது ஆகாதாம். உண்மையா?"

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். உண்மையில் கறுப்பான ஓர்க்கிட் என்று ஒன்று இல்லை. அந்தப் பெயரில் விற்கப்படுபவை கருஞ்சிவப்பு அல்லது கரும் ஊதா நிறப் பூக்கள். வெளிச்சத்தில் பிடித்தால் நிறம் தெரிந்துவிடும். தென்னமெரிக்காவில் எக்குவடோர், கொலம்பியா மலைகளின் முகில் காடுகளில் 'டிராக்குலா' என்றே ஓர் ஓர்க்கிட் பேரினம் உண்டு. 1978 இல் கார்லைல் லூயர் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர் அது. அதில் கறுப்புக்கு மிகக் கிட்ட வரும் ஒன்றுக்கு 'டிராக்குலா வாம்பிரா' என்று பெயர். ஆக, பூவிலிருந்து பேய்க்கதை பிறக்கவில்லை, பேய்க்கதையிலிருந்துதான் பூவுக்குப் பெயர் போயிருக்கிறது.

பிராம் ஸ்டோக்கர் 1897 இல் எழுதிய 'டிராக்குலா' நாவலில் காட்டேரியைத் தடுப்பவை உள்ளிப் பூவும் காட்டு ரோசாக் கொப்பும். ஓநாய் மனிதனோடு சேர்த்துப் பேசப்படுவது நாபி இனத்துச் செடி. நமது சித்த வைத்தியர்கள் சுத்தி செய்து பயன்படுத்தும் அதே நச்சுக் கிழங்கின் உறவு. ஐரோப்பிய இடையர்கள் அதை இறைச்சியில் தடவி ஓநாய்களுக்கு நஞ்சு வைத்தார்கள். 1941 இல் வந்த 'ஓநாய் மனிதன்' என்ற ஹொலிவூட் படம்தான் அதைப் பேய்ச் செடியாக உலகமெங்கும் பரப்பியது. கறுப்பு ஓர்க்கிட் இந்தக் காலத்து அலங்காரம். ஏழை விவசாயி தன் வாசலில் கட்டுவது வேலியோரத்தில் கிடைக்கிற செடியைத்தான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "நம்மட கேற்றில வேப்பங்குழை கட்டினது மறந்து போச்சா?"

மறக்கவில்லை. அது 2011 ஆகஸ்ட்.

அந்த மாதத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்குத்தான் சொல்லவேண்டும். 'கிறீஸ் பூதம்' என்றார்கள், பத்திரிகைகள் 'மர்ம மனிதர்' என்றன. உடம்பு முழுக்கக் கிறீஸ் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுக்கி ஓடும் கள்ளனைப் பற்றிய கதை தெற்கில் முன்பே இருந்தது. 2011 இல் அது உருமாறி வந்தது. இப்போது அது பொருள் திருடவில்லை, பெண்களைத் தேடி வந்தது. நகங்களால் கீறியது. புதையல் எடுக்கப் பெண்களின் இரத்தம் தேவையாம் என்று ஒரு வதந்தி. காலில் ஸ்பிரிங் பூட்டிய சப்பாத்தாம், மதிலைத் தாண்டிப் பாயுமாம் என்று இன்னொன்று.

அப்போது நோன்பு காலம். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் இரவில் தராவீஹ் தொழுகைக்கு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனால் வீட்டில் பெண்களும் பிள்ளைகளும்தான். நடுவில் கிடக்கும் எங்கள் காரைதீவிலும் அதே பயம். எங்கள் ஒழுங்கையில் நான்கு வீட்டுப் பெண்கள் ஒரு வீட்டு மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தோம். ஆண்கள் பொல்லும் டோர்ச் லைற்றுமாகச் சந்தியில் விழித்திருந்தார்கள். அம்மம்மா வேப்பங்குழை ஒடித்துக் கேற்றிலும் பின்கதவிலும் கட்டினார். அம்மை வந்த வீட்டில் கட்டும் அதே குழை. வைகாசியில் கண்ணகி அம்மன் திருக்குளிர்த்தி பார்த்து வளர்ந்த ஊர் இது. சூட்டைத் தணிக்கவும் தீயதைத் தடுக்கவும் எங்களுக்குத் தெரிந்த செடி வேம்புதான். முஸ்லிம் தோழி ஒருத்தி போனில் சொன்னாள், அவர்கள் வீட்டில் உம்மா தண்ணீர் ஓதித் தெளித்துவிட்டுத்தான் படுக்கிறாராம்.

ஆனால் வருவது பேய் என்று அந்தப் பாயில் படுத்திருந்த யாரும் நம்பியதாக எனக்கு நினைவில்லை. "அவனுகள்" என்றுதான் பேசினோம். பேய்க்கு யாரும் பன்மை சொல்வதில்லை.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது, எங்கோ தூரத்தில் நடந்த ஒரு பழைய கதை. 'வாம்பயர்' என்ற சொல்லை ஐரோப்பியப் பத்திரிகைகளுக்குக் கொண்டுவந்தவை சேர்பியாவின் இரண்டு கிராமங்கள். நீண்ட போருக்குப் பிறகு 1718 இல் ஓர் உடன்படிக்கை மூலம் துருக்கியரிடமிருந்து ஒஸ்திரியாவின் கைக்குப் போன நிலம் அது. புதிய அதிகாரிகள், புதிய மொழி, எல்லைக் காவல், படை முகாம்கள். 1725 இல் கிசிலியேவோ என்ற கிராமத்தில் பீட்டர் பிளாகோயேவிச் என்பவர் இறந்த பிறகு, எட்டு நாட்களுக்குள் ஒன்பது பேர் இறந்தார்கள். சாகும் முன் அவர்கள், பீட்டர் இரவில் வந்து கழுத்தை நெரித்ததாகச் சொன்னார்களாம். புதைகுழியைத் திறக்க வேண்டும் என்று ஊர் கேட்டது. மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார் அதிகாரி. அதுவரை காத்திருந்தால் ஊரே அழிந்துவிடும், துருக்கியர் காலத்தில் அப்படி நடந்தது, நாங்கள் ஊரைவிட்டுப் போகிறோம் என்றார்கள் மக்கள். அதிகாரி பணிந்தார். பிணத்தின் வாயில் இரத்தம் இருந்தது. கூரிய மரக்கட்டையை நெஞ்சில் ஏற்றி எரித்தார்கள். 1732 இல் மெட்வெஜா என்ற இன்னொரு கிராமத்துக்கு இராணுவ மருத்துவர்களே போய் அறிக்கை எழுதினார்கள்.

வாயில் இரத்தம் எப்படி வந்தது என்பதற்கு இன்று விளக்கம் உண்டு. மண்ணுக்குள் உடல் அழுகும்போது வாயு நிறைந்து வயிறு உப்பும், கருஞ்சிவப்பு நீர் வாய்வழியே தள்ளப்படும். தோல் சுருங்குவதால் நகமும் முடியும் வளர்ந்ததுபோலத் தெரியும். 1755 இல் மகாராணி மரியா தெரேசா தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனை வைத்து இதை ஆராயச் செய்து, பிணம் தோண்டி எரிப்பதைத் தடுத்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது பிணத்தின் விஞ்ஞானம் அல்ல. போர் முடிந்த எல்லைக் கிராமம், ஆயுதத்தோடு நடமாடும் அந்நியர், அடுத்தடுத்துச் சாவு, முறையிட்டால் "மேலிடத்தைக் கேட்கவேண்டும்" என்ற பதில். அந்த இடத்தில்தான் காட்டேரி பிறந்தது. கிழக்கில் போர் 2007 இலும் வன்னியில் 2009 மே மாதத்திலும் முடிந்தது. 2011 இல் முகாம்கள் அப்படியே இருந்தன. எங்கள் கரையில் விசேட அதிரடிப்படை, வடக்கே போனால் கடற்படை, இராணுவம்.

கிண்ணியாவில் மக்கள் துரத்தியவர்கள் கடற்படை முகாமுக்குள் ஓடியதாகச் சொல்லி ஊர் முகாமைச் சூழ்ந்தது. பொத்துவிலிலும் மோதல். புத்தளத்தில் ஆகஸ்ட் 21 அன்று ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். மறுநாள் இரவு யாழ்ப்பாணம் நாவாந்துறையில் இராணுவம் வீடு வீடாகப் புகுந்து ஆண்களை இழுத்துச் சென்றது. சுமார் நூறு பேர் அடிபட்ட காயங்களோடு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வதந்தி என்றது அரசு. மாத முடிவில் அவசரகாலச் சட்டம் நீக்கப்படுகிறது என்ற அறிவிப்பும் வந்தது. பூதம் கிளம்பியதே அந்தச் சட்டத்தைத் தக்கவைக்கத்தான் என்று அதற்கு முன்பு பேசியவர்களும் உண்டு.

எல்லாவற்றையும் சதி என்று சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. மலையகத்தில் அப்புத்தளைப் பக்கம் இரண்டு பேரைப் பூதம் என்று சந்தேகித்து ஊரே அடித்துக் கொன்றது. பயந்த கூட்டம் எதையும் செய்யும். ராஜேஷ் வேணுகோபால் என்ற ஆய்வாளர் 2015 இல் இந்த நிகழ்வுகளைக் கூட்டுப் பீதியாக ஆராய்ந்து கட்டுரை எழுதினார். பீதி என்பது சரியான சொல்தான். ஆனால் கீறல் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன பெண்ணிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? கிசிலியேவோ அதிகாரி, மக்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்தார். முந்நூறு வருடம் கழித்து நான் அதை வாசிக்கிறேன். எங்கள் மண்டபத்தில் படுத்திருந்த பெண்களிடம் யாரும் கொப்பியோடு வந்து கேட்கவில்லை.

"கடைசியில பூதத்தைப் பிடிச்சாங்களா?" என்று கேட்டாள் பிள்ளை.

அம்மா பதில் சொல்லவில்லை. வேப்பங்குழை அந்த வாரமே காய்ந்து உதிர்ந்துவிட்டது. அந்த ஆகஸ்டில் கடன் வாங்கிக் குசினி ஜன்னலுக்குப் போட்ட இரும்புக் கம்பி இப்போதும் இருக்கிறது. இருட்டியதும் அம்மா அதன் கொளுக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார்.