ஃபர்னஸ் எந்த நிமிடத்தில் அணைகிறது?

டொரன்டோவின் ஜனவரிக் குளிரில் ஒரு வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸில் தீ பற்றிய சிறிது நேரத்திலேயே அணைந்து, மறுபடி பற்றி, மறுபடி அணைந்தால், இயந்திரம் பழுதாகிவிட்டது, ஏதோ ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்றுதான் வீட்டாருக்கு முதலில் தோன்றும். வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும்போது அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் இந்த இயந்திரம் இயங்கும் ஒழுங்கை அறிந்தவர் வேறு விதமாகப் பார்ப்பார். எரிந்துகொண்டிருக்கும் ஃபர்னஸ் பெரும்பாலும் தானாக அணைவதில்லை. உள்ளே இருக்கும் ஏதோ ஒரு காவல் கருவி அதை அணைக்கிறது. அணைத்தது எந்தக் கருவி என்பதை, எவ்வளவு நேரம் எரிந்தபின் தீ நின்றது என்ற ஒரே தகவல் பெருமளவு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கடைக்குப் போய்ப் பாகம் வாங்குவதற்கு முன் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஃபர்னஸ் அருகே கொஞ்ச நேரம் நிற்பதுதான் சரியான முதல் வேலை.

1919இல் நியூ ஜெர்சியின் மொரிஸ்டவுனைச் சேர்ந்த அலிஸ் பார்க்கர் வாயுவால் வீட்டைச் சூடாக்கும் அமைப்பொன்றுக்குக் காப்புரிமை பெற்ற காலத்தில், வட அமெரிக்க வீடுகள் பலவற்றின் நிலவறையில் நிலக்கரிதான் எரிந்தது. அதை அள்ளிப்போடவும் சாம்பல் வாரவும் தீயைக் கவனிக்கவும் ஓர் ஆள் வேண்டும். வாயு வந்ததும் அந்த ஆள் தேவையில்லாமல் போனார். அவருடைய கண் மட்டும் தேவைப்பட்டது. வீட்டார் தூங்கும் நேரத்தில் தானே தீ மூட்டித் தானே அணைக்கும் இயந்திரத்துக்குள் அந்தக் கண்ணைக் கருவிகளாகப் பொருத்தினார்கள். இன்றைய ஃபர்னஸில் தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும் 24 வோல்ட் மின்சுற்று வழியாகக் கட்டுப்பாட்டு போர்டுக்குச் செய்தி போகிறது. முதலில் புகையை வெளியே இழுக்கும் சிறு விசிறி சுழல்கிறது. அது உண்மையிலேயே இழுக்கிறதா என்று பிரஷர் ஸ்விட்ச் பார்க்கிறது. பிறகு இக்னைட்டர் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி ஒளிர்கிறது, வாயு வால்வு திறக்கிறது, பர்னர்களில் தீ பரவுகிறது. தீ இருக்கிறது என்று ஃப்ளேம் சென்சார் சில விநாடிகளுக்குள் உறுதிசொல்ல வேண்டும். ஏறக்குறைய அரை நிமிடம் கழித்துப் பெரிய ப்ளோவர் வீட்டுக் காற்றை வெப்பமாற்றியின் மேல் செலுத்தத் தொடங்குகிறது. இந்த வரிசையில் எந்தக் கருவி மறுத்தாலும் போர்டு வாயுவை மூடிவிடும்.

தீ பற்றி ஐந்து, ஆறு விநாடிகளிலேயே அணைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃப்ளேம் சென்சாரை. தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய உலோகக் கம்பிதான் அது. அது செய்யும் வேலை அழகானது. வெப்பத்தை அது அளப்பதில்லை. தீயில் அயனிகள் இருப்பதால் தீ மின்சாரத்தைச் சிறிதளவு கடத்தும். போர்டு அந்தக் கம்பிக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறது. மறுமுனை, பூமியுடன் இணைந்த பர்னர். பர்னரின் பரப்பு பெரிது, கம்பியின் பரப்பு சிறிது. அதனால் மின்னோட்டம் ஒரு திசையில் அதிகமாகவும் எதிர்த்திசையில் குறைவாகவும் ஓடி, விளைவாகச் சில மைக்ரோஆம்பியர் நேர்மின்னோட்டம் கிடைக்கிறது. போர்டு எதிர்பார்ப்பது அந்த நேர்மின்னோட்டத்தை மட்டுமே. கம்பி எங்காவது உலோகத்தில் பட்டுக் குறுக்குச்சுற்று ஆனால் இரு திசைகளிலும் சமமாக ஓடும். அதைப் போர்டு தீ என்று ஏற்காது. தீயைத் தவிர வேறெதுவும் தீயாக நடிக்க முடியாதபடி அமைந்த ஏற்பாடு இது. கம்பியின் மேல் மெல்லிய சிலிக்காப் படலம் படிந்தால் மின்னோட்டம் குறைந்துபோகும். தீ கண்ணெதிரே எரிந்தாலும் போர்டுக்கு அது தெரியாது. வாயுவை மூடி, மறுபடி முயன்று, சில முயற்சிகளுக்குப் பின் பூட்டிக்கொள்ளும். பல மாடல்களில் இந்தப் பூட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடிக்கும்.

இந்தக் கம்பியைக் கழற்றி நுண்ணிய எஃகுப் பஞ்சால் தேய்த்துத் துடைத்தாலே பல ஃபர்னஸ்கள் சரியாகிவிடுகின்றன. எதற்கெடுத்தாலும் சென்சாரைத் துடை என்ற அறிவுரை பரவியிருப்பதற்கு இதுவே காரணம். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். துடைத்த இரண்டு வாரத்தில் கோளாறு திரும்பினால் படலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். பர்னர் நிலவறைக் காற்றையே எரிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் வீட்டில், துணி துவைக்குமிடத்தின் ரசாயன ஆவியும் சிலிகோன் கலந்த ஸ்ப்ரேக்களும் சீரமைப்பு வேலையின் தூசியும் தீக்குள்தான் போகின்றன. பர்னரின் பூமி இணைப்பு துருப்பிடித்திருந்தாலும், கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். மேலும், நாலைந்து நிமிடம் எரிந்தபின் அணையும் ஃபர்னஸில் சென்சார் காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. தீயை அது ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது.

அந்த நாலைந்து நிமிடக் கோளாறுதான் நான் அதிகம் அஞ்சுவது, ஏனென்றால் மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவது அதுவே. தீ நிற்கிறது, ஆனால் ப்ளோவர் தொடர்ந்து ஓடுகிறது. சிறிது நேரத்தில் தீ மீண்டும் பற்றுகிறது. வீடு ஓரளவு சூடாகவே இருப்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. இங்கே அணைப்பது லிமிட் ஸ்விட்ச். வெப்பமாற்றியைச் சுற்றியுள்ள காற்று அளவுக்கு மீறிச் சூடானால் அது திறந்துகொள்ளும், ஆறியதும் மூடிக்கொள்ளும். காற்று ஏன் அப்படிச் சூடாகிறது? தீ வழக்கம்போல எரிகிறது, அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போகப் போதிய காற்று வரவில்லை. மாதக்கணக்கில் மாற்றாத ஃபில்டர், சேமிப்பதாக நினைத்து மூடிவைத்த அறைக் காற்றுத்துளைகள், தூசி அடைத்த ஏசி சுருள், வலுவிழந்த ப்ளோவர் மோட்டார் ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். ஒவ்வாமைக்கு நல்லது என்று ஒரு அங்குல இடைவெளியில் எம்.இ.ஆர்.வி. 13 தர ஃபில்டரைச் செருகுவதும் சில வீடுகளில் இதையே செய்யும். ஃபில்டர் உயர்தரமானதுதான், ஆனால் அந்தச் சிறிய பரப்பின் வழியே ப்ளோவரால் தேவையான காற்றை இழுக்க முடிவதில்லை. ஃபில்டரைச் சில நிமிடம் மட்டும் கழற்றி ஓடவிட்டால் தெரிந்துவிடும். அப்போது தீ நிலைத்தால் குற்றவாளி கையிலேயே இருக்கிறது.

ஸ்விட்சே கெட்டுப்போயிருந்தால் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பல தடவை திறந்து மூடிய லிமிட் ஸ்விட்ச் வலுவிழந்து குறைந்த சூட்டிலேயே திறக்கும் என்பது உண்மைதான். ஊகத்தில் நிற்க வேண்டியதில்லை, அளந்து பார்க்கலாம். ஃபர்னஸுக்குள் திரும்பி வரும் காற்றின் வெப்பநிலையையும் வெளியேறும் காற்றின் வெப்பநிலையையும் தெர்மோமீட்டரால் எடுத்து, வித்தியாசத்தைப் பெயர்ப்பலகையில் அச்சிட்டுள்ள வரம்போடு ஒப்பிட வேண்டும். 35 முதல் 65 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது போல அங்கே எழுதியிருக்கும். வித்தியாசம் வரம்புக்குள் இருந்தும் அணைந்தால் ஸ்விட்சைச் சந்தேகிக்கலாம். வரம்பைத் தாண்டினால் ஸ்விட்ச் தன் கடமையைச் செய்கிறது, காற்றோட்டமோ வாயு அழுத்தமோதான் தவறு. அந்த நிலையில் ஸ்விட்சின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்து அதைச் செயலற்றதாக்குவது எந்தக் காரணத்தாலும் செய்யக் கூடாதது. அடுத்தடுத்து அளவுக்கு மீறிச் சூடாகும் வெப்பமாற்றியின் உலோகம் விரிந்து சுருங்கி நாளடைவில் விரிசல் விடும். விரிசல் தீயைக் குலைக்கும். குலைந்த தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. எரிபொருள் கருவி உள்ள வீடுகளில் தூங்கும் அறைகளுக்கு அருகே அதைக் கண்டறியும் அலாரம் வேண்டுமென்று ஒன்டாரியோ 2014 அக்டோபரிலிருந்து விதித்திருப்பது இதனால்தான். தானாக மறுபடி பற்றுகிறதே, போதாதா என்பவர்களுக்கும் இதுவே பதில். ஒவ்வொரு அணைப்பும் உலோகம் ஒருமுறை அளவு மீறிச் சூடானதன் பதிவு.

புதிய வகை ஃபர்னஸ்களுக்கு இன்னொரு காவல் முக்கியம். மீத்தேன் எரிந்தால் நீர் உண்டாகும். ஒரு கிலோ மீத்தேனுக்கு இரண்டேகால் கிலோ நீர். பழைய ஃபர்னஸ் அதை ஆவியாகவே புகைக்கூண்டில் விட்டுவிடும். அந்த ஆவியிலுள்ள வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் இன்றைய ஃபர்னஸில் அது நீராகிக் குழாய் வழியே வடிகிறது. வடிகால் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தேங்கும், இழுவிசை குறையும், பிரஷர் ஸ்விட்ச் திறக்கும். தொடக்கத்தில் நன்றாக எரிந்து, நீர் ஏறிய பிறகே அணைவதால் இதை லிமிட் ஸ்விட்சின் வேலை என்று எண்ணிவிடலாம். உள்ளே நீர் களகளக்கும் ஓசை ஒரு துப்பு. போர்டில் சிமிட்டும் சிறு விளக்கு அதைவிட நல்ல துப்பு, சிமிட்டல்களின் பொருள் ஃபர்னஸ் கதவின் உட்புறத்திலேயே ஒட்டியிருக்கும். பெரும்பனிக்கு மறுநாள் கோளாறு தொடங்கினால் புகை வெளியேற வெளிச்சுவரில் நீளும் பிளாஸ்டிக் குழாயின் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

இதையெல்லாம் தொழில்நுட்பரிடம் விட்டுவிடலாமே என்று கேட்கலாம். வாயுக் குழாய், வால்வு, பர்னர் ஆகியவற்றை நிச்சயமாக விட்டுவிட வேண்டும். ஒன்டாரியோவில் அவற்றில் கை வைக்க உரிமம் வேண்டும். தீ வெளியே நாக்கு நீட்டியதால் விழுந்த ரோல்-அவுட் ஸ்விட்சை வீட்டார் அழுத்தி மீட்டு ஓடவிடவும் கூடாது. ஆனால் அவர் வந்து நிற்கும் அரை மணி நேரத்தில் ஃபர்னஸ் ஒழுங்காக ஓடிவிட்டால் அவரிடமும் ஆதாரம் இல்லை. பற்றிய நேரம், அணைந்த நேரம், அப்போது ப்ளோவர் ஓடியதா, விளக்கு எத்தனை முறை சிமிட்டியது என்று வீட்டார் எழுதி வைத்த தாள் இல்லாவிட்டால் அவரும் ஊகித்துப் பாகம் மாற்றுகிறவராகிவிடுகிறார். அந்த ஊகத்தின் விலை வீட்டாரின் தலையில்.

எந்தக் காவலும் தலையிடாமல் சீக்கிரம் அணையும் வகையும் ஒன்று உண்டு. ஏழெட்டு நிமிடத்தில் தெர்மோஸ்டாட்டே போதும் என்கிறது, ஒழுங்காகத் தீ நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்கிறது. தெர்மோஸ்டாட் வெப்பக்காற்று நேராகப் படும் இடத்திலோ வெயில் விழும் சுவரிலோ இருந்தால் இடம் மாற்றினால் தீரும். அப்படி இல்லையென்றால் ஃபர்னஸே வீட்டுக்கு மிகப் பெரிது. உழக்கு அரிசிக்குக் கல்யாண அடுப்பை மூட்டியது போல, அருகிலுள்ள காற்று சட்டென்று சூடேறிவிடும், சுவர்களும் மேல்மாடி அறைகளும் குளிர்ந்தே கிடக்கும். இதற்கு மாற்றப் பாகம் ஏதும் இல்லை. புதிய ஃபர்னஸ் வாங்கும் நாளில்தான் திருத்த முடியும். அன்று பழையதன் அளவையே திரும்பச் சொல்லாமல், சி.எஸ்.ஏ. எஃப்280 தரநிலைப்படி வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டு எழுத்தில் தரும்படி ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டும். ஜன்னல் மாற்றிய, கூரைக்குக் காப்பு போட்ட வீடு என்றால் கணக்கு பெரும்பாலும் பழைய ஃபர்னஸைவிடச் சிறியதையே காட்டும்.