கேளாச் சிறார் கல்வியில் சைகை மொழி

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் செவித்திறன் குறையுடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். இவர்களுள் பள்ளி வயதினருக்குக் கட்டடமும் விடுதியும் உதவித் தொகையும் தேவையே. ஆயினும், ஆசிரியரும் மாணவரும் பகிர்ந்துகொள்ளும் மொழி ஒன்று வகுப்பறையில் இல்லையெனில் அச்செலவு உரிய பயன் தராது.

கேட்கும் குழந்தை பள்ளியில் சேருமுன்பே வீட்டுப் பேச்சிலிருந்து மொழியைப் பெற்றுவிடுகிறது. கேளாக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள்; எனவே சுற்றிலும் பேச்சு இருந்தும் அது அவர்களை எட்டுவதில்லை. உதட்டசைவைப் பார்த்து அறிவதற்கும் எல்லை உண்டு. 'படம்', 'மடம்' என்னும் இரு சொற்களுக்கும் உதடுகள் ஒன்றுபோலவே அசைகின்றன. மொழி வேரூன்றும் இளமைப் பருவம் இவ்வாறு கழிந்துவிட்டால், எழுத்தும் கணக்கும் கற்பதற்கான அடித்தளமே நலிந்துவிடும்.

கண்ணால் கற்கும் சைகை மொழி இக்குறையை நீக்க வல்லது. அது வெறும் கையசைப்பு அன்று. இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அதில் வினாச்சொல் வாக்கிய இறுதியில் வரும். முகக்குறிப்பும் பொருள் தரும்.

1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு பேச்சு முறையே சிறந்தது எனத் தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி விலக்கப்பட்டது. 2010இல் வான்கூவரில் நடைபெற்ற மாநாடு அத்தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. கேட்புக் கருவியும் பேச்சுப் பயிற்சியும் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அவை பலன் தரும் வரை குழந்தையின் அறிவு வளர்ச்சி காத்திருக்கலாகாது என்பதே கருத்து.

நம் நாட்டில் 2015இல் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் நிறுவப்பட்டது. சைகை மொழி அறிந்த ஆசிரியர்களை நியமிக்கவும் பயிற்றுவிக்கவும் 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வழி செய்கிறது. பாடநூல்களைச் சைகை மொழியில் வழங்க இம்மையமும் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவும் 2020இல் உடன்பாடு செய்துகொண்டன. 2021இல் வெளியான அகராதிப் பதிப்பில் 10,000 சொற்கள் உள்ளன.

எனினும், அகராதி தானே பாடம் நடத்துவதில்லை. சைகை மொழியில் தேர்ந்த ஆசிரியர்கள், கேளாதவர்களே ஆசிரியராகும் வாய்ப்பு, குறை கண்டறியப்பட்ட உடனேயே பெற்றோருக்குப் பயிற்சி ஆகிய மூன்றும் மாவட்ட அளவில் அமைதல் வேண்டும். இவற்றுள் பெற்றோர் பயிற்சியே முதலிடம் பெறத் தக்கது. ஏனெனில் ஆசிரியர் நியமனம் ஓராண்டு தாமதித்தால் மறு ஆண்டு நிறைவேற்றலாம். குழந்தை இழந்த ஆண்டுகளை மீட்க இயலாது.