கிணற்றடிப் பனையும் தூக்கணாங்குருவியும்

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு முருங்கையும் தக்காளியும் ஏற்றிவரும் நம் அங்கத்தினர்கள், கிணற்றோரப் பனைகளின் ஓலைகளில் தொங்கும் கூடுகளைக் காணாதிருந்திருக்க முடியாது. கண்டிருப்பார்கள், நின்றிருக்கமாட்டார்கள். சந்தைக்குப் போகிறவனுக்கு நிற்க நேரம் ஏது? இதை எழுதுகிறவனும் பல ஆண்டுகள் அவ்வாறே கடந்து சென்றவன்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன், வாரம் ஒரு காலை, விருப்பாட்சிப் பக்கத்துக் கிணறு ஒன்றின் அருகே கால்மணி நேரம் அமர்ந்து, கண்டதை ஏட்டில் குறிப்பது என்று ஒரு பழக்கத்தை மேற்கொண்டேன்.

தொடங்கியது தை மாதம். மங்கிய நிறமுள்ள சிறு பறவைகள் சோளக்காட்டில் கூட்டமாக மேய்ந்தன. பெயர் தெரியாமல் ‘குருவி’ என்றே வாரந்தோறும் எழுதி வந்தேன். ஆடியில் அவற்றுள் சிலவற்றுக்கு உச்சியும் மார்பும் மஞ்சளாயின. முகத்தில் கரும்பழுப்பு ஏறிற்று. ஆறு மாதமாக நான் பெயரறியாது எழுதி வந்தவை தூக்கணாங்குருவிகளே என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. ஒருநாள் மட்டும் வந்து போகிறவனுக்கு இவ்வுண்மை எட்டாது.

இதே வேலையைப் பெரிய அளவில் செய்து புகழ்பெற்றவர் சலீம் அலி (1896–1987). 1930ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பயிற்சி முடித்துத் திரும்பிய அவருக்கு உத்தியோகம் வாய்க்கவில்லை. பம்பாய்க்குத் தெற்கே கடலோரத்திலுள்ள கிஹிம் கிராமத்தில் தங்கி, வீட்டருகே கூடுகட்டிய தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ் அவர் கண்டவற்றை வெளியிட்டது. ஆண்பறவை கூட்டைப் பாதிவரை பின்னி நிறுத்திவிடுகிறது. பெட்டை வந்து உள்ளே புகுந்து சோதிக்கிறது. அது ஒப்பினால்தான் மீதி வேலையும் நீண்ட குழல்வாயிலும் முடிகின்றன. பெட்டை அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டுக்கு நார் தேடப் புறப்பட்டுவிடும், இன்னொரு பெட்டைக்காக! பாதிக்கூட்டை ஆண்பறவை ஆடும் ஊஞ்சல் என்று முன்னர்ச் சிலர் எண்ணியதுண்டு. அது பெட்டையின் தீர்ப்புக்குக் காத்திருக்கும் சரக்கு என்பது நாள்தோறும் பார்த்தவருக்கே புலனாயிற்று.

நெசவாளர் அங்கத்தினர் ஒருவரை ஒருநாள் உடன் அழைத்துச் சென்றேன். பறவை ஓலையின் ஓரத்தை அலகால் கீறி, கவ்வியபடியே பறந்து நாரை உரிப்பதை அவர் கண்கொட்டாமல் பார்த்தார். பச்சை நாரையே அது எடுக்கிறது; காய்ந்தது வளையாது. “பாவு இல்லாத நெசவு, ஐயா. முடிச்சின் பலத்திலேயே நிற்கிறது” என்றார். அரைமணி கழிந்தும் அவர் எழவில்லை. கூட்டினுள் அப்பும் களிமண்ணில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்று பெரியோர் சொல்வதுண்டு. உதிர்ந்த கூடுகள் சிலவற்றைப் பிரித்தோம். மண் இருந்தது, மின்மினி இல்லை.

குடியானவருக்கு இப்பறவைமீது மனத்தாங்கல் உண்டு. தானியத்தைத் தின்பது மெய், மறைப்பானேன்? ஆனால் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையும் அது கொணர்ந்து ஊட்டுகிறது. வெள்ளாமைக்கு நட்டமா, இலாபமா என்பதை அவரவர் வயலில், அவரவர் ஏட்டைக்கொண்டு தீர்மானிப்பதே முறை.

சென்ற ஆண்டு புரட்டாசியில் ஒரு பனையில் பதினோரு கூடுகளை எண்ணினேன். ஏழில் குழல் முடிந்திருந்தது. மறுவாரம் சென்றபோது பனை இல்லை. அடிமரமும் சிதறிய ஓலைகளும் கிடந்தன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்ததை வெட்டியவர் கேள்விப்பட்டிருக்கவில்லையாம். வெறும் மரந்தானே என்றார். ஏட்டை நீட்டினேன். அவர் பதினோராம் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசாமலிருந்தார்.

பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில், 2015 முதல் தமிழகமெங்கும் ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். ஓரிடத்தில் கால்மணி நேரம் நின்று எண்ணினாலே போதும். வயலுக்கு நாள்தோறும் செல்லும் நம் அங்கத்தினருக்கு இது தனி வேலையன்று. தேதி, நேரம், மழை உண்டா, எந்த மரம் பூத்தது, எத்தனை கூடுகள், எந்த நிலையில் என்று நான்கு வரி எழுதினால் ஆயிற்று.

அந்தக் கிணற்றடியில் இன்னும் இரண்டு பனைகள் நிற்கின்றன. இவ்வாண்டு ஆடி மூன்றாம் வாரத்தில், கிணற்றுநீரின்மேல் சாய்ந்த ஓலையில் நான்கு பாதிக்கூடுகள் இருந்தன. வெட்டியவரே அன்று காலை எனக்கு முன்னதாக அங்கு வந்து எண்ணிக்கொண்டிருந்தார்.