சோளகக் காற்றுக்குத் தக்க சைக்கிள்

1990களில் பெற்றோலும் மின்சாரமும் இல்லாத யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் ஓடியது. நிறுத்தி வைத்த சைக்கிளின் பெடலைச் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் எம்மிடையே இருக்கிறது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாடே மீண்டும் சைக்கிளைத் தேடியது. இப்போது அதில் மோட்டரும் பற்றரியும் தாமே பூட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள், எத்தனை வாட் மோட்டர் வாங்கலாம் என்றே முதலில் விசாரிக்கிறார்கள். யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையிலோ நெடுந்தீவிலோ இருப்பவர் அதற்கு முன் எந்தச் சைக்கிளில் பூட்டுவது என்று தீர்மானிக்க வேண்டும். பிழையான சைக்கிளில் பூட்டிய நல்ல மோட்டர் ஆபத்தானது.

தீவகத்தில் ஏற்றம் இல்லை. ஆகவே சிறிய மோட்டர் போதும் என்று தோன்றும். ஆனால் பண்ணைப் பாலத்திலும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் கடல்வழித் தெருவிலும் காற்றை மறைக்க ஒரு பனைகூட இல்லை. அமைதியான நாளில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் நிமிர்ந்திருந்து ஓடுகிறவர், காற்றைத் தள்ள ஏறத்தாழ 60 வாட் செலவிடுகிறார். அதே வேகத்தில் சோளகம் என்னும் தென்மேல் காற்று எதிரே வீசினால் காற்றுத் தடை நான்கு மடங்காகி 240 வாட் தேவைப்படுகிறது. ரயரின் உராய்வையும் மோட்டரின் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், அமைதியான நாளில் கிலோமீற்றருக்கு 7 வாட் மணி கொடுக்கும் பற்றரி, காற்று நாளில் 18 வாட் மணி வரை கொடுக்க வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து படகுத்துறை உள்ள குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ 28 கிலோமீற்றர். 36 வோல்ற், 10 அம்பியர் மணிப் பற்றரியின் 360 வாட் மணி அந்தக் காற்றில் முக்கால் வழிக்குள்ளேயே தீர்ந்துபோகும்; 15 அம்பியர் மணியாவது வேண்டும். காலும் உழைக்க வேண்டும். ஆகவே மோட்டர் இல்லாமலும் இலகுவாக மிதிக்கக்கூடிய சைக்கிளே அடித்தளம்.

அப்படியானால் வீட்டில் நிற்கும் பழைய ராலியோ ஹம்பரோ போதாதா? இரும்பு உறுதியானது, அரை நூற்றாண்டு உழைத்தது என்று சொல்வார்கள். அந்தப் பெருமை நியாயமானது. ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் 28 × 1½ அங்குல றிம்மும் கடைகளில் வரும் மோட்டர்ச் சில்லின் றிம்மும் ஒரே அளவல்ல. அதைவிடப் பெரிய சிக்கல் கம்பி பிறேக். அதன் கட்டைகள் றிம்மின் உட்புறத்தில் அழுந்துபவை. மோட்டர்ச் சில்லின் றிம்மில் அதற்கான முகமே இல்லை. வேகத்தைக் கூட்டிவிட்டு பிறேக்கை இழப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது. 26 அங்குலச் சில்லு, உறுதியான இரும்பு முன் போர்க், வயரால் இழுபடும் பக்க பிறேக் கொண்ட சாதாரண சைக்கிளே பொருத்தமானது. லுமாலா போன்ற உள்ளூர்த் தயாரிப்புகளிலும் இந்த அமைப்பைத் தேடலாம்.

ஏன் இரும்பு போர்க்? முன்சில்லின் நடுவில் பூட்டும் மோட்டர் சில்லை முன்னே சுழற்றும்போது, அதன் அச்சு அதே விசையுடன் பின்னே சுழலப் பார்க்கும். 40 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசையை 10 மில்லிமீற்றர் அகலமுள்ள அச்சு தாங்கும்போது, போர்க்கின் இரு வெட்டுகளும் சேர்ந்து ஏறத்தாழ 400 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தாங்க வேண்டும். இரும்பு வளைந்து எச்சரிக்கும். வார்த்த அலுமினியம் சட்டென்று உடையும். உப்புக் காற்றில் இரும்பு கறள் பிடிக்கும் என்பது உண்மையான ஆட்சேபம்தான். ஆனால் கறள் கண்ணுக்குத் தெரியும், பெயின்ற் பூசலாம், ஊர் வெல்டிங் கடையில் ஒட்டலாம். அலுமினிய வெடிப்பை இங்கே சீர்செய்வது கடினம். மணலில் முன்சில்லு வழுக்கும் என்பதும் சரியே. நெடுந்தீவின் உள் ஒழுங்கைகளில் நாளும் ஓடுகிறவர் பின்சில்லு மோட்டரைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குப் பின் அச்சின் இடைவெளி பொதுவாக 135 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பார் இல்லாத லேடீஸ் சைக்கிளில் பற்றரி பின் கரியருக்குப் போவதால், பாரத்தைச் சமன் செய்ய முன்சில்லு மோட்டரே நல்லது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் மின் ஸ்கூட்டர் வாங்கலாமே என்பார்கள். பாலம் உள்ள புங்குடுதீவுவரை அது சரி. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவானில் படகேற வேண்டும். பற்றரியைக் கழற்றிக் கையில் எடுத்தால், மீதிச் சைக்கிளை இருவர் தூக்கி வைத்துவிடலாம். ஸ்கூட்டரை அப்படித் தூக்க முடியாது. பற்றரி தீர்ந்தாலும் பெடல் இருக்கிறது. அந்தத் தீவுகளின் மின்சாரமே டீசலில் பிறப்பது என்றொரு குறையும் சொல்லப்படுகிறது. ஆனால் ஒருமுறை சார்ஜ் செய்ய அரை யூனிற்றுக்குச் சற்று மேல்தான் செல்லும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின் திட்டத்துக்கு, இந்தியாவின் 1 கோடியே 10 லட்சம் டொலர் மானியத்தில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமும் ஆகியிருக்கிறது.

மோட்டருக்குக் காசு கொடுக்குமுன் முன்சில்லைக் கழற்றி, போர்க்கின் இரு கால்களுக்கும் இடையே அளந்து பாருங்கள். 100 மில்லிமீற்றர் இருந்து, போர்க் இரும்பாகவும் பிறேக் உறுதியாகவும் இருந்தால் வாங்குங்கள். அச்சு சுழலாமல் பிடிக்கும் இரும்புத் தகட்டையும் அன்றே சேர்த்து வாங்கிவிடுங்கள்.