எண்ணெய்த் துளியும் காகிதப் பட்டையும்

ஏனாத்தூர் மருத்துவக் கல்லூரி ஊர். 'யூரின் டெஸ்ட்' என்றால் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் சிறுநீரைப் பார்த்து நோய் சொல்வது தமிழ் மண்ணில் பழைய வேலை. சித்த மருத்துவர்கள் விடியற்காலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விடுவார்கள். பாம்பாய் நெளிந்தால் வாதம், மோதிரமாய் வளைந்தால் பித்தம், முத்தாய் நின்றால் கபம். நெய்க்குறி எனப்படும் இம்முறை தேரையர் பெயரால் வழங்குகிறது.

சிறுநீரில் சர்க்கரையைக் கண்டறிய, நவீன ஆய்வகங்களில் வெகுகாலம் பெனடிக்ட் கரைசல்தான் ஆட்சி செய்தது. 5 மில்லி நீலக் கரைசல், 8 சொட்டு சிறுநீர், பிறகு கொதி. சர்க்கரை ஏற ஏற நிறம் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று மாறும். நாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்!

1956-இல் அமெரிக்காவில் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதி உருவாக்கிய 'கிளினிஸ்டிக்ஸ்' பட்டை அடுப்பை அணைத்தது. பட்டையிலுள்ள ஒரு நொதி குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. இன்னொரு நொதி அதைக்கொண்டு சாயத்தின் நிறத்தை மாற்றுகிறது. பிறகு வந்த பட்டைகளில் புரதத்துக்கான கட்டமோ மஞ்சளிலிருந்து பச்சையாகும். கர்ப்பிணிகளுக்கு இந்தப் பச்சை முக்கியம். இரத்த அழுத்தமும் கூடியிருந்தால் அது ஆபத்தின் அறிகுறி.

பட்டையும் ஏமாறும். குப்பி மூடாமல் கிடந்தால் ஈரத்தில் கெடும். வைட்டமின் சி அதிகமிருந்தால் சர்க்கரையை மறைக்கும். வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே ஆய்வக ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.