ஓடும் பிள்ளைக்கு இடுப்பு வலி: தைலமும் ‘கரண்டு’ம் மட்டும் போதுமா?

ராமச்சந்திராபுரத்தில் பொழுது விடியும் முன்பே மைதானங்கள் விழித்துக் கொள்கின்றன. பெல் டவுன்ஷிப்பிலும், அசோக் நகர், பீரம்குடா பக்கத்துக் காலி மனைகளிலும் பிள்ளைகள் ஓடுகிறார்கள், பந்து வீசுகிறார்கள், கபடி ஆடுகிறார்கள். போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும் நாளை எதிர்பார்த்து, 1600 மீட்டர் ஓட்டத்துக்குப் பழகும் வாலிபர்களும் அவர்களுக்கு நடுவே உண்டு.

இவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1960-களில் செக்கோஸ்லோவாகியா நாட்டின் உதவியுடன் திருச்சியில் கொதிகலன் ஆலை எழுந்தது. அதே காலத்தில், அதே நாட்டின் உதவியுடன் எழுந்ததுதான் ராமச்சந்திராபுரம் ஆலை. அந்த ஆலையிலும், பட்டன்செரு தொழிற்பேட்டையிலும் வேலை பார்க்க வந்த தமிழ்க் குடும்பங்களின் இரண்டாவது, மூன்றாவது தலைமுறை இன்று மைதானத்தில் நிற்கிறது. சானியா, சாய்னா, சிந்து என்று பெயர் வாங்கிய ஊர் ஐதராபாத். பிள்ளையும் ஒரு நாள் அப்படி வர மாட்டானா, வர மாட்டாளா என்று பெற்றோர் ஆசைப்படுவது இயற்கை.

அந்த ஆசைக்கு நடுவில்தான் ஒரு நாள் பிள்ளை நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். “இடுப்பிலே வலி” என்கிறான். தைலம் தேய்க்கிறார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார்கள். பத்து நாள் ‘கரண்டு வைத்து’ வருகிறார்கள். வலி குறைகிறது. மறுபடி ஓடுகிறான், மறுபடி வலி. நாலு மாதத்தில் விளையாட்டையே விட்டுவிடுகிறான். எத்தனையோ வீடுகளில் நடக்கிற கதை இது.

இது இப்படித்தான் முடிய வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

தங்க வீரருக்கும் வந்த வலி

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021-ம் ஆண்டு ஈட்டி எறிந்து தங்கம் வென்ற நீரஜ் சோப்ராவுக்கு வந்ததும் இதே பகுதி வலிதான். 2022-ம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் உள்ள யூஜின் நகரில் உலகப் போட்டி நடந்தது. அதில் 88.13 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். ஆனால் தொடை இடுக்கில் காயம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதம் ஓய்வு தேவை என்றார்கள். பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியிலிருந்து விலகினார். தேசமே ஏமாந்தது.

அவர் அவசரப்படவில்லை. ஆகஸ்டு 26-ந் தேதி சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் மீண்டும் ஈட்டியை எடுத்தார். 89.08 மீட்டர் எறிந்து முதலிடம் பெற்றார்!

வலி அதோடு ஒழிந்துவிடவில்லை. 2024-ம் ஆண்டு மே மாதம் தொடையின் உட்புறத் தசை மீண்டும் தொந்தரவு கொடுத்தது. ஆஸ்ட்ராவா போட்டியில் அவர் எறியவில்லை. சில வாரங்கள் கழித்து பின்லாந்தில் வென்றார். ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். எந்தப் போட்டியில் இறங்குவது, எதை விடுவது என்று கணக்குப் பார்த்துக் காயத்தைச் சமாளித்ததால்தான் இது முடிந்தது.

அவரைச் சுற்றி டாக்டரும், பிசியோதெரபி நிபுணரும், பயிற்சியாளரும் இருந்தார்கள். நம் பிள்ளைக்கு அவ்வளவு பேர் இல்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையின் சாரத்தை நாமும் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் எங்கே வலி?

“இடுப்பு” என்று நாம் சொல்லும் ஒரே சொல்லுக்குள் பல இடங்கள் அடங்கிவிடுகின்றன. முதுகின் அடிப்பகுதியும் இடுப்புதான். தொடை எலும்பின் பந்து போன்ற தலை, கிண்ணம் போன்ற குழியில் பொருந்தும் மூட்டும் இடுப்புதான். இந்த மூட்டில் கோளாறு என்றால் பெரும்பாலும் வலி தெரிவது தொடை இடுக்கில். சில பிள்ளைகளுக்கு முழங்காலில்கூட வலிக்கும்.

தெலுங்கு டாக்டரிடம் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘நடுமு’ என்றால் அவர் முதுகைத்தான் பார்ப்பார். இடுப்பு மூட்டுக்கு ‘துண்ட்டி’ என்று பெயர். தொடை இடுக்கு ‘கஜ்ஜ’. சொல் வராவிட்டால் விரலை வைத்துக் காட்டிவிடுவதே நல்லது. எப்போது வலி வந்தது, என்ன செய்தால் கூடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

காத்திருக்கக் கூடாத வலி

வளரும் பிள்ளையின் எலும்பு பெரியவர்கள் எலும்பு போல் அல்ல. எலும்பின் நுனிகளில் இன்னும் கெட்டியாகாத வளர்ச்சித் தட்டு இருக்கிறது. ஆகவே பயிற்சி, ஒத்தடம் என்று எதையும் தொடங்கும் முன்பு சில ஆபத்துகள் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பத்து வயதுக்கு மேல் பதினாறு வயதுக்குள், சற்றுப் பருமனான பிள்ளை. நொண்டுகிறான், பாதம் வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது, வலி தொடையிலோ முழங்காலிலோ. இந்தப் பிள்ளைக்குத் தொடை எலும்பின் தலை, வளர்ச்சித் தட்டில் சறுக்கிக் கொண்டிருக்கலாம். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் தெரியாது. இரண்டு இடுப்பு மூட்டையும் எடுக்க வேண்டும். அப்படி இருந்தால் காலை ஊன்றி நடக்க விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். திருகாணி போட்டு நிறுத்தும் ஆபரேஷன் தேவைப்படும். நாள் தள்ளினால் மூட்டே கெட்டுவிடும். இந்த நிலையில் யாரிடமாவது கொண்டு போய்க் காலை இழுத்து நீவி விடுவது மிகவும் ஆபத்து.

வேகமாக ஓடும்போதோ பந்தை உதைக்கும்போதோ ‘டப்’ என்று சத்தம் கேட்டு, அந்த இடத்திலேயே விழுந்துவிட்டால், தசைநார் எலும்புத் துண்டைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கலாம். பதினான்கு முதல் பதினேழு வயதில் இது அதிகம். பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே ஆறிவிடும். ஆனால் எக்ஸ்ரே அவசியம்.

தேர்வு நெருங்குகிறதென்று ஓட்டத்தைத் திடீரென்று கூட்டும் வாலிபர்களுக்குத் தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை விரிசல் விழலாம். ஓடும்போது தொடை இடுக்கில் வலி, போகப் போக நடந்தாலும் வலி. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும். ‘பல்லைக் கடித்துக்கொண்டு’ ஓடினால் விரிசல் முறிவாகும். ஒரு தேர்வை விடலாம்; காலை விட முடியாது.

காய்ச்சலோடு இடுப்பு வலி, தூக்கத்தைக் கெடுக்கும் இரவு வலி, காலை ஊன்றவே முடியாத வலி ஆகியவையும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டியவை.

டென்மார்க்கில் நடந்த பரீட்சை

இந்த ஆபத்துகள் எதுவும் இல்லை, தசை இழுப்புதான் என்று டாக்டர் சொல்லிவிட்டால் அடுத்து என்ன? இங்குதான் பலர் தவறான பாதையில் போகிறார்கள்.

டென்மார்க் நாட்டு டாக்டர் பெர் ஹோல்மிச்சும் அவருடைய சகாக்களும் 1999-ம் ஆண்டு ஒரு ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். தொடை இடுக்கில் நெடுநாள் வலி உள்ள விளையாட்டு வீரர்கள் 68 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு லேசர், மசாஜ், மின்சாரச் சிகிச்சை, தசையை இழுத்து விடுதல். அதாவது படுத்துக் கொண்டு வாங்கிக் கொள்ளும் வைத்தியம். இன்னொரு பிரிவுக்கு வீரரே உழைத்துச் செய்யும் பயிற்சி. இரண்டும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் நடந்தன.

முடிவு என்ன? பயிற்சி செய்தவர்களில் 23 பேர் வலியே இல்லாமல் பழையபடி விளையாட்டுக்குத் திரும்பினார்கள். மசாஜும் மின்சாரமும் வாங்கியவர்களில் திரும்பியவர்கள் வெறும் 4 பேர்!

ஒத்தடமும் ‘கரண்டு’ம் கெடுதல் என்று இதற்குப் பொருள் அல்ல. வலி சற்று அடங்கும். ஆனால் தசைக்குப் பலம் வராது. பலம் வராத தசையோடு மைதானத்தில் இறங்கினால் பழைய வலி வாசலிலேயே காத்திருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

டென்மார்க் பயிற்சியின் முதல் படிக்கு ஒரு கால்பந்து போதும். மல்லாந்து படுத்து, கால்களை நீட்டி, இரண்டு பாதங்களுக்கு நடுவே பந்தை வைத்து 30 விநாடி அழுத்த வேண்டும். இப்படிப் பத்து முறை. பிறகு முழங்காலை மடக்கி, முழங்கால்களுக்கு நடுவே பந்தை வைத்து அதே போல் பத்து முறை. இரண்டு வாரம் கழித்து ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது என்று படிப்படியாகக் கடினமாக்குகிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள் செய்தார்கள்.

வலி அடங்கிய பிறகு இன்னொரு பயிற்சி உண்டு. ஒருக்களித்து முழங்கையை ஊன்றி, மேல் காலைத் தோழன் பிடித்துக் கொள்ள, கீழ்க் காலை மேலே கொண்டு வந்து சேர்ப்பது. இதற்கு கோபன்ஹேகன் பயிற்சி என்று பெயர். இதை வழக்கமாகச் செய்த நார்வே கால்பந்து அணிகளில் தொடை இடுக்குத் தொந்தரவு ஏற்படும் வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது என்று 2019-ம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது. வலி வராத பிள்ளைகளும் இதைச் செய்யலாம்.

பயிற்சியின்போது லேசான வலி இருக்கலாம். பத்துக்கு இரண்டு, மூன்று என்ற அளவைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம் என்று பொருள். ஓட்டத்தை நடையில் தொடங்கி, மெல்லோட்டமாக்கி, கடைசியில்தான் வேக ஓட்டமும் திடீர்த் திருப்பமும்.

எந்தப் பயிற்சி, எவ்வளவு என்பதைப் பிசியோதெரபி நிபுணர் ஒரு முறை நேரில் பார்த்துச் சொல்லிக் கொடுப்பது அவசியம். தினம் போய்ப் படுத்து வருவதற்குப் பதில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய்ச் சரி பார்த்துக் கொண்டாலே பலருக்குப் போதும். அலைச்சலும் குறையும்; காசும் மிஞ்சும்.

ஆபரேஷன் யாருக்கு?

சில வாலிபர்களுக்கு மூட்டின் பந்தும் கிண்ணமும் சரியாகப் பொருந்தாமல், காலை மடக்கித் திருப்பும்போது எலும்போடு எலும்பு இடிக்கும். சுவிட்சர்லாந்து டாக்டர் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 2003-ம் ஆண்டு இதை விரிவாக விளக்கினார்கள். துளை வழியே கருவி விட்டு எலும்பைச் செதுக்கும் ஆபரேஷன் இதற்கு உண்டு.

பிரிட்டனில் இந்தக் கோளாறு உள்ள 348 பேரை இரு பிரிவாக்கி, பாதிப்பேருக்கு ஆபரேஷன், பாதிப்பேருக்கு முறையான பயிற்சி என்று பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. இரண்டு பிரிவினரும் தேறினார்கள்; ஆபரேஷன் பிரிவு சற்றுக் கூடுதலாகத் தேறியது. ஆகவே முதலில் சில மாதம் ஒழுங்காகப் பயிற்சி, அதற்கும் மசியாவிட்டால் ஆபரேஷன் பற்றிப் பேச்சு என்பதே நியாயமான வழி. வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் இந்த எலும்பு வடிவம் தெரிவதுண்டு. ஸ்கேன் காகிதத்தைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம்.

எங்கே போவது?

ஆலை ஊழியர் குடும்பங்களுக்கு டவுன்ஷிப்பில் பெல் ஆஸ்பத்திரி இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்களுக்கு ராமச்சந்திராபுரத்திலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. அங்கே அனுப்புச் சீட்டு வாங்கினால் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போகலாம். நகரத்தில் நிம்ஸ், காந்தி, உஸ்மானியா ஆஸ்பத்திரிகள் உள்ளன.

இன்னொரு காரியம் வீட்டிலேயே ஆக வேண்டும். காலையில் ஓட்டம், பள்ளியில் கபடி, மாலையில் கிரிக்கெட் பயிற்சி, ஞாயிறன்று பந்தயம் என்று வாரம் ஏழு நாளும் பிள்ளையை விரட்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். வலியை மறைக்காமல் சொல்கிற தைரியத்தையும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். “வலிக்கிறது என்றால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள்” என்ற பயத்தில் வாய் திறக்காத பிள்ளைகள்தான் கடைசியில் அதிக நாள் வெளியே உட்காருகிறார்கள்.