உயர்மலைப் பயணம்: வழி வகுக்கும் முறை

வழிச் செல்வோர்க்கு வழி கூறுதல் தமிழில் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்துள்ளது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இயல்பை விரித்துரைக்கின்றது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண் கற்கள் எனத் தீங்கு நேரக்கூடிய இடங்களையெல்லாம் அப்பாட்டு முன்கூட்டியே எடுத்துரைக்கின்றது. மலையில் வழியறிவு என்பது பெரும்பாலும் இடரறிவே என்பதை அதன் ஆசிரியர் பெருங்கௌசிகனார் நன்குணர்ந்திருந்தார்.

இமயமலை நடைப்பயணத்தில் இளைஞர்க்கு நாட்டம் பெருகிவரும் இந்நாளில் அவ்வறிவு மீண்டும் தேவைப்படுகின்றது. நேபாளத்தின் கும்புப் பகுதியில், லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை செல்லும் புகழ்பெற்ற பாதையைச் சான்றாகக் கொண்டு, உயர்மலைப் பயணத்தை எங்ஙனம் திட்டமிட வேண்டும் என்பதை இங்கு நோக்குவோம்.

வானூர்தி குறைத்த நாட்கள்

1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். அவர்கள் இடம்பெற்ற குழு காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து தெங்போச்சே வரை இரண்டு வாரங்களுக்கு மேல் நடந்தே சென்றது. அதன் பின்னரும் சுற்றுப்புற மலைகளில் ஏறி இறங்கி உடலைப் பழக்கிக்கொண்டது. 1964இல் ஹிலாரியின் முயற்சியால் லுக்லாவில் விமானத் தளம் அமைந்தது. அதன் பயனாய், பல நாள் நடை ஒரு மணி நேரத்திற்கும் குறைந்த பயணமாகச் சுருங்கிற்று.

இது பெரும் வசதியே; ஐயமில்லை. எனினும் அந்நாட்கள் வெறும் வழிநடையாகக் கழிந்தவை அல்ல. உயரத்தின் மெல்லிய காற்றுக்கு உடல் தன்னைத் தகவமைத்துக்கொண்ட நாட்கள் அவை. பாதை சுருங்கிவிட்டது, உடலின் தேவை சுருங்கவில்லை. வானூர்தியால் மிச்சமான நாட்களுள் சிலவற்றை நாமே திட்டத்தில் மீண்டும் சேர்த்தாக வேண்டும்.

உறங்கும் உயரமே கணக்கு

காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எவ்வுயரத்திலும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். ஆயின் காற்றழுத்தம் உயரத்தோடு குறைகின்றது. 5,500 மீட்டர் அளவில் அது கடல்மட்ட அழுத்தத்தில் பாதியே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் நாம் பெறும் ஆக்சிஜனும் பாதியாகின்றது. உடல் இதற்கு ஈடுசெய்ய வேகமாக மூச்சு வாங்குகின்றது. நாளடைவில் சிவப்பணுக்களையும் பெருக்குகின்றது. இவை ஓரிரவில் நிகழ்வன அல்ல.

எனவே மலை மருத்துவம் அறிந்தோர் ஓர் எளிய நெறியை வகுத்துள்ளனர். 3,000 மீட்டருக்கு மேல், இன்று உறங்குமிடம் நேற்று உறங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருத்தல் ஆகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓரிரவு தங்க வேண்டும். பகலில் உயர ஏறலாம். உறங்குவதற்குக் கீழே இறங்கிவிட வேண்டும்.

இந்நெறியைக் கும்புப் பாதையில் பொருத்திப் பார்ப்போம். முதல்நாள் லுக்லாவிலிருந்து (2,860 மீட்டர்) இறக்கமாகப் பக்டிங் (2,610). மறுநாள் நாம்சே பஜார் (3,440). ஒரே நாளில் 830 மீட்டர் ஏறிவிட்டமையால் அங்கு இரண்டாம் இரவும் தங்குதல் வேண்டும். இடைப்பட்ட பகலில் 3,800 மீட்டர் அளவுக்கு ஏறித் திரும்பலாம். நான்காம் நாள் தெங்போச்சே (3,860), ஐந்தாம் நாள் திங்போச்சே (4,410), ஆறாம் நாள் அங்கேயே ஓய்வு, ஏழாம் நாள் லோபுச்சே (4,940). ஐந்நூறு மீட்டரைச் சற்றே கடக்கும் இரண்டு நாட்களுக்கு நடுவே அந்த ஓய்வு நாள் அமைந்திருப்பதைக் காண்க. எட்டாம் நாள் கோரக் ஷெப் (5,164) சேர்ந்து, அடிவார முகாமை (5,364) கண்டு அங்கேயே மீளலாம். இறங்குதற்கு மூன்று நான்கு நாட்கள் போதும்.

இந்நெறியை மீறுவோர் பலரும் மெலிந்தோர் அல்லர். உடல் வலிமை மிக்க இளைஞரே. ஓடி ஏறும் வலிமை மலைநோயைத் தடுப்பதில்லை. புதிய உயரத்தில் தலைவலியோடு குமட்டல், பசியின்மை, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றின் அதனை மலைநோய் என்றே கொள்ளல் வேண்டும். அது தீரும்வரை மேலே செல்லலாகாது. அமர்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறல், நடையில் தள்ளாட்டம், பேச்சில் தெளிவின்மை ஆகியன நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தலின் அறிகுறிகள். அந்நிலையில் இரவென்றும் பாராது உடனே கீழிறக்குவதே உயிர் காக்கும் வழி.

வரைபடம் கூறுவதும் கூறாததும்

வரைபடத்திற் காணும் தொலைவு மலையில் நம்மை ஏமாற்றும். நாம்சேக்கும் தெங்போச்சேக்கும் உயர வேறுபாடு 420 மீட்டரே. ஆனால் வழி தூத் கோசி ஆற்றங்கரை வரை இறங்கிப் பின்னர் ஏறத்தாழ 600 மீட்டர் செங்குத்தாக ஏறுகின்றது. சமவுயரக் கோடுகளை ஊன்றி நோக்குவார்க்கே இவ்வேற்ற இறக்கம் புலப்படும்.

1892இல் ஸ்காட்லாந்தின் நைஸ்மித் என்பார் ஒரு கணக்கு முறையைக் கூறினார். இன்றைய அளவையில் அதனை 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்திற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் எனக் கொள்ளலாம். இம்முறைப்படி மேற்கூறிய பத்துக் கிலோமீட்டர் வழிக்கு மூன்று மணி நேரமே ஆகும். உண்மையில் பெரும்பாலோர்க்கு ஐந்து ஆறு மணி ஆகின்றது. தாழ்ந்த மலைகளுக்கு வகுத்த கணக்கை உயர்மலைக்கு அப்படியே கொள்ளுதல் தகாது.

வானிலையும் திரும்பும் நேரமும்

கும்புவில் நடைக்கு ஏற்ற பருவங்கள் இரண்டு: மார்ச் முதல் மே வரையும், அக்டோபர் முதல் நவம்பர் வரையும். நல்ல பருவமும் முழு உறுதி தருவதன்று. 2014 அக்டோபரில் வங்கக் கடலில் எழுந்த ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தருகே கரை கடந்தது. அதன் எச்சம் இரண்டே நாட்களில் நேபாளத்தின் அன்னபூர்ணாப் பகுதியை அடைந்து கடும் பனிப்பொழிவாயிற்று. 5,416 மீட்டர் உயரமுள்ள தொரோங் லா கணவாயிலும் சுற்றுப்புறங்களிலும் நாற்பதின்மருக்கு மேல் மாண்டனர். கடலோரத்துச் செய்தியை மலையேறுவோனும் கேட்டறிய வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

உச்சி நோக்கிச் செல்வோர்க்குத் திரும்பும் நேரம் இன்றியமையாதது. 1996 மே 10 அன்று எவரெஸ்டில் பலர் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னரும் உச்சியை நோக்கி ஏறினர். மாலையில் புயல் சூழ்ந்தது, எண்மர் உயிரிழந்தனர். எங்கிருப்பினும் இன்ன மணிக்குத் திரும்புவோம் என்பதைக் காலையில் தெளிந்த மனத்தோடு முடிவு செய்து எழுதிவைத்தல் வேண்டும். உயரத்தில் களைத்த மூளையிடம் அம்முடிவை விடலாகாது.

லுக்லாவின் ஓடுதளம் அரைக் கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சும். மேகம் சூழ்ந்தால் விமானம் வராது. ஆகவே திட்டத்தில் குறைந்தது இரண்டு உதிரி நாட்கள் இருத்தல் நலம். ஊர் திரும்பும் பயணச் சீட்டைக் கடைசி நாளோடு ஒட்டி வாங்கியவன், தலைவலியை மறைத்துக்கொண்டு மேலே ஏறுகின்றான். அவனை இடருள் தள்ளுவது மலையன்று, நாட்காட்டியே.

நிறைவாக

நல்ல பயணத் திட்டம் மூன்று வினாக்களுக்கு விடை கூற வேண்டும். ஒவ்வோர் இரவும் எவ்வுயரத்தில் உறங்குவோம்? எந்த நேரத்தில், எந்த அறிகுறி கண்டால் திரும்புவோம்? திரும்ப நேர்ந்தால் எவ்வழியே எவர் துணையுடன் இறங்குவோம்? இவற்றின் விடைகளை எழுதி, வீட்டாரிடம் ஒரு படியையும் வழிகாட்டியிடம் ஒரு படியையும் கொடுத்துச் செல்லுதல் கடமை.

பிள்ளைகள் மலைக்குப் போக விழையும்போது பெற்றோர் அஞ்சுதல் இயல்பு. அவ்வச்சத்தை நீக்க வீரம் பேசுவது உதவாது. எழுதிய திட்டத்தை அவர்முன் விரித்துக் காட்டுவதே உதவும். இளைஞரைத் தடுப்பதினும், இவ்வினாக்களை அவரிடம் கேட்டு விடை பெறுதல் மூத்தோர் செய்யத்தக்க நற்பணியாகும். மலை நாளையும் அங்கேயே நிற்கும். ஏறிச் செல்வோர் நலமே மீண்டு வருதல் வேண்டும்.